தாத்தா பெயர் பதிவுக்குப் பதிவு மாறினால்

புதுச்சேரியில் பழைய எத்தா சிவில், அதாவது பிரெஞ்சுக் காலப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளின் நகல்களைப் படித்துச் சொல்வது என் வேலை. வருகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது, "இது எங்க தாத்தாதானா, பேர் வேறயா இருக்கே?" என்பதுதான்.

குடும்பப் பெயரை வைத்துத் தேடத் தொடங்காதீர்கள். நம்மவர்களுக்கு அப்படி ஒன்று கிடையாது. சொந்தப் பெயர், அப்பா பெயர், அவ்வளவுதான். 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, இந்து, இஸ்லாமிய, சாதி வழக்கங்களைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு மாறிய ரெனோன்சான்கள் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்னோடியான பொன்னுத்தம்பி பிள்ளை 'லபோர்த்' ஆனார். ஆகவே துறவுப் பத்திரத்தின் தேதியை முதலில் பிடியுங்கள். அதற்கு முன் பிறந்த மூத்தவனின் பதிவில் அப்பா பெயர் ஒரு விதம், பின் பிறந்த இளையவனின் பதிவில் வேறு விதம். அண்ணனும் தம்பியும் தனித்தனியாகத் துறந்திருந்தால் ஆளுக்கொரு குடும்பப் பெயரே இருக்கலாம்.

அப்புறம் எழுத்துக்கூட்டல். கண்ணால் படிக்காதீர்கள், வாய்விட்டுப் படியுங்கள். 'உ' ஒலிக்கு ஓ, யூ என்று இரண்டெழுத்து. 'ராமசாமி'யில் எஸ் இரட்டிக்கும். ஒற்றை எஸ் என்றால் பிரெஞ்சுக்காரர் 'ராமஜாமி' மாதிரி இழுத்துவிடுவார். 'முருகன்' கடைசியில் ஒரு ஈ ஒட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் 'ன்' மூக்கோடு போய்விடும். பின்னாளில் ஆங்கிலத்தில் எழுதியவர்கள் இதையெல்லாம் கழற்றிவிட்டார்கள். பிள்ளை, செட்டி போன்ற பட்டங்கள் ஒரு பதிவில் இருக்கும், அடுத்ததில் இராது. அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். இரண்டு பெயருக்கு நடுவே 'தி' என்று ஒலிக்கும் சிறிய பிரெஞ்சுச் சொல் வந்தால், முன்னது பதிவுப் பெயர், பின்னது ஊர் அழைத்த பெயர். பத்தாண்டுக்கு ஒருமுறை தொகுத்த பெயர் அட்டவணையில் இரண்டையும் தேடுங்கள்.

இனி பக்கத்தின் அடிக்குப் போங்கள். எனக்கு அதிகம் பிடித்த இடம் அதுதான். மேலே குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி பிரெஞ்சில் எழுதியிருப்பார். கீழே அப்பா தமிழில் கையெழுத்துப் போட்டிருப்பார். புள்ளி இல்லாத எழுத்து, காலும் ரகரமும் ஒன்றுபோல் தெரியும். ஆனாலும் அவர் தன்னை என்னவென்று சொல்லிக்கொண்டார் என்பது அங்கேதான் இருக்கிறது. இன்னொரு குழந்தையின் பதிவை எடுத்து, இரண்டு கையெழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுழிப்பு ஒத்துப்போனால், மேலே பெயர் எப்படிக் கிடந்தாலும் நான் ஒரே ஆள் என்றுதான் எடுத்துக்கொள்வேன். கைநாட்டாக இருந்தால் சாட்சிகளைப் பாருங்கள். பெரும்பாலும் சொந்தக்காரர்களோ தெருக்காரர்களோதான்.

ஓரக்குறிப்பை விட்டுவிடாதீர்கள், நீதிமன்றம் பெயரைத் திருத்தியிருந்தால் அங்கேதான் ஏறும். பாட்டிகளைத் தேடுவது கொஞ்சம் சுலபம்: கல்யாணத்துக்குப் பிறகும் பதிவுகளில் பிறந்த வீட்டுப் பெயர்தான். பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த பகுதிகளின் ஆவணக் காப்பகம் புதுச்சேரி, காரைக்கால் பதிவேடுகளை ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. நகலுக்குக் காசு கட்டும் முன் அங்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.