பயந்த நாய்க்கு வீட்டிலேயே நகம் வெட்டுவது எப்படி?

பல நாய்களுக்கு நகவெட்டியைவிட, காலை யாராவது இறுக்கிப் பிடிப்பதுதான் பெரிய பயம். அதனால் முதல் வாரம் ஒரு நகம்கூட வெட்ட வேண்டாம்.

தேவையானவை: நாய்களுக்கான கத்தரிக்கோல் வகை நகவெட்டி, ரத்தக்கசிவை நிறுத்தும் ஸ்டிப்டிக் பவுடர் (இல்லாவிட்டால் சோள மாவு), பொடிப்பொடியாக நறுக்கிய பிடித்தமான தீனி, நல்ல வெளிச்சம். நகவெட்டி கூராக இருக்கட்டும். மழுங்கியது நகத்தை நசுக்கும். சதையில் படாமலே வலிக்கும்.

படி 1: தொட்டுப் பழக்குதல்

தினமும் 2–3 நிமிடம் போதும். தோளைத் தொடுங்கள், தீனி கொடுங்கள். அது அசையாமல் ஏற்றுக்கொண்டால் மெல்லக் கீழே இறங்கி பாதம், பிறகு ஒவ்வொரு விரல். தொட்ட பிறகுதான் தீனி. முதலிலேயே நீட்டினால், தீனியைக் கண்டதுமே காலை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

அடுத்து நகவெட்டியைக் காட்டுங்கள். நகத்தில் சும்மா வைத்து எடுங்கள். பக்கத்தில் ஒரு தீக்குச்சியை நறுக்கி அந்தச் சத்தத்துக்கும் பழக்குங்கள்.

உதட்டை நக்குவது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, கண்வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது, உடம்பு விறைப்பது எல்லாம் பயத்தின் அடையாளம். அங்கேயே நிறுத்தி முந்தைய கட்டத்துக்குத் திரும்புங்கள். உறுமினால் அதட்டாதீர்கள். உறுமக் கூடாது என்று கற்றுக்கொண்ட நாய் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கலாம்.

படி 2: வெட்டுதல்

காலைப் பக்கவாட்டில் இழுக்காமல், அது இயல்பாக மடங்கும் திசையிலேயே பிடியுங்கள். வயதான நாய்க்கு மூட்டுவலி இருந்தால் இது ரொம்ப முக்கியம்.

நகத்துக்குள் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடும் சதை இருக்கிறது. வெள்ளை நகத்தில் அது இளஞ்சிவப்பாகத் தெரியும். அதற்கு 2 மி.மீ. முன்பே நிறுத்திவிடலாம். கறுப்பு நகத்தில் வெளியே ஒன்றும் தெரியாது. 1 மி.மீ. சீவுங்கள், வெட்டிய முகத்தைப் பாருங்கள், மறுபடி சீவுங்கள். முதலில் சுண்ணாம்புபோல் வெளிறி உலர்ந்திருக்கும். நடுவில் ஈரமான, கருமையான வட்டப் புள்ளி தெரிந்தால் போதும், அதற்குமேல் போகாதீர்கள்.

ஒரு நாளைக்கு ஒரு நகம்தான் முடிந்ததா? பரவாயில்லை. முன்னங்காலின் உட்பக்கம் மேலே இருக்கும் நகத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள். அது தரையில் தேயாது, வளைந்து சதைக்குள் குத்தும்.

ரத்தம் வந்தால்

பவுடரை ஒரு சிட்டிகை வைத்து 2 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நின்றதா என்று அடிக்கடி துடைத்துப் பார்த்தால் உறைந்தது பெயர்ந்து மறுபடி வரும். 20 நிமிடத்துக்கு மேலும் கசிந்தால் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

ரொம்ப நீண்ட நகம்

நகத்தோடு உள்சதையும் நீண்டிருக்கும். ஒரே நாளில் குட்டையாக்க முடியாது. வாரம் ஒருமுறை நுனியை மட்டும் சீவி வந்தால் சதை மெல்லப் பின்வாங்கும்.

நகவெட்டியை அண்டவே விடாத நாய்க்கு, பலகையில் 80 எண் உப்புத்தாளை ஒட்டிச் சாய்த்துப் பிடித்து, முன்னங்காலால் பிறாண்டப் பழக்கலாம். கடிக்கவே வருகிறதென்றால் மல்லுக்கட்ட வேண்டாம். பயம் தணிக்கும் மருந்து பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். மனிதர்களுக்கான மாத்திரையை நீங்களாகக் கொடுக்கவே கூடாது.