ஆம்ப்பை மாற்றுவதற்கு முன்னால்: பழைய ஹார்ன் ஸ்பீக்கரில் கைவைப்பவர்கள் செய்யும் தவறுகள்

ஹார்ன் ஸ்பீக்கர் என்றதும் நம் ஆட்களில் பாதிப் பேருக்குக் கோயில் திருவிழாவில் மரத்தில் கட்டும் குழாய்தான் ஞாபகம் வரும். கோலாலம்பூர் செந்தூல் வீட்டில் நான் இடுப்பளவு ஹார்ன் ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டை இறக்கிய அன்று மாமா வந்து பார்த்துவிட்டு, "என்னடா, வீட்டுக்குள்ளேயே திருவிழாவா?" என்றார். கிண்டலுக்குத்தான் சொன்னார், ஆனால் முதல் எட்டு மாதம் நிலைமை அப்படித்தான் இருந்தது. நாதஸ்வரம் போட்டால் காதுக்குள் ஊசி, வயலின் போட்டால் தகரம். நான் என்ன செய்தேன் தெரியுமா, ஸ்பீக்கருக்குச் சிக்னலைப் பெருக்கித் தரும் ஆம்ப்பை மாற்றினேன். முதலில் ஈஎல்34 வால்வு போட்டது, அப்புறம் ஈஎல்84, கடைசியில் ஒரு நண்பரிடம் இரவல் வாங்கிய 300பி. வால்வு மாற மாற ஊசியின் ருசி மாறியது, ஊசி போகவில்லை.

கோளாறு ஆம்ப்பில் இல்லவே இல்லை. என்னிடம் இருப்பது கீழ் சுரங்களுக்கு ஆல்டெக் கம்பெனியின் 15 அங்குல ஊஃபர், அதன் மேலே 511பி ஹார்ன், ஹார்னுக்குப் பின்னால் அதற்குச் சத்தம் கொடுக்கும் 802 டிரைவர். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் ஊஃபருக்கும் டிரைவருக்கும் சுரங்களைப் பிரித்துக் கொடுக்கும் அசல் கிராஸ்ஓவரைக் கழற்றி எறிந்துவிட்டு, "சிக்னல் சுத்தமாகப் போகட்டும்" என்று டிரைவருக்கு ஒரே ஒரு கெபாசிட்டரை மட்டும் போட்டிருந்தார். இங்கேதான் எல்லாம் சறுக்குகிறது. ஹார்னோடு சேர்ந்த டிரைவர் ஒரு வாட்டுக்குத் தரும் சத்தம் ஊஃபர் தருவதைவிடச் சுமார் 8 முதல் 10 டெசிபெல் அதிகம். அதைக் குறைக்காமல் விட்டால் எந்த ஆம்ப் போட்டாலும் மேல் சுரங்கள் முன்னால் வந்து கத்தும். அதைத்தான் நாம் 'ஹார்னின் குணம்' என்று சொல்லிக்கொண்டு திரிகிறோம்.

குறைப்பதற்கு எல்-பேட் போடுங்கள், இரண்டு மின்தடை சேர்ந்த சின்னச் சுற்றுதான் அது. 16 ஓம் டிரைவருக்கு 10 டெசிபெல் குறைக்க வேண்டுமானால் வரிசையில் 11 ஓம், டிரைவருக்குக் குறுக்கே 7.5 ஓம், இரண்டும் 10 வாட் கம்பிச்சுற்று மின்தடை. எலெக்ட்ரானிக்ஸ் சாமான் கடைகள் இருக்கும் பாசார் ரோட்டில் ஒரு நாசி லெமாக் காசுக்குக் கிடைக்கும் சாமான். நான் மூன்று ஆம்ப் மாற்றித் தேடியது அந்த நான்கு மின்தடைகளில் இருந்தது. ஆனால் சோம்பேறித்தனமாக வரிசையில் ஒரு மின்தடையை மட்டும் போட்டு முடித்துவிடாதீர்கள். கிராஸ்ஓவர் பார்க்கும் மொத்த ஓம் ஏறிவிடும், வெட்டும் இடம், அதாவது ஊஃபர் விட்டு ஹார்ன் தொடங்கும் ஹெர்ட்ஸ், நகர்ந்துவிடும். எல்-பேட்டில் இரண்டு மின்தடை இருப்பது 16 ஓமை 16 ஓமாகவே காட்டுவதற்குத்தான்.

இதே காரணத்தால்தான் டிரைவருக்குள் அதிரும் மெல்லிய தகடான டயாஃப்ரத்தை மாற்றும்போதும் ஓமைப் பார்க்க வேண்டும். 16 ஓம் டிரைவருக்கு 20 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போட்டால் வெட்டு ஏறக்குறைய 500 ஹெர்ட்ஸில் விழும். அதே டிரைவரில் 8 ஓம் டயாஃப்ரத்தைப் போட்டால் வெட்டு 1000 ஹெர்ட்ஸுக்கு ஓடிவிடும், நடுவில் பாடகரின் குரலில் பள்ளம். 8 ஓம்தான் கிடைத்தது என்றால் பரவாயில்லை, கிராஸ்ஓவரையும் சேர்த்து மாற்றுங்கள்.

டயாஃப்ரம் மாற்றுகிறவர்கள் இன்னொன்றும் கேளுங்கள். 802 மாதிரி டிரைவரில் பின்மூடியைத் திறந்தாலே டயாஃப்ரம் வெளியே வந்துவிடும், காந்தத்தைத் தொடத் தேவையே இல்லை. ஆல்நிக்கோ என்ற பழைய வகைக் காந்தத்தை அதன் இரும்புச் சட்டத்திலிருந்து பிரித்தால் சக்தியில் ஒரு பகுதி போய்விடும், திரும்பப் பூட்டினாலும் வராது, மறுபடி காந்தம் ஏற்றினால்தான் உண்டு. "உள்ளே எப்படி இருக்கிறது பார்ப்போம்" என்ற ஆசைக்கு இது ரொம்ப விலை. அப்புறம், இரும்பு ஸ்க்ரூடிரைவரைக் கிட்டே கொண்டுபோனால் காந்தம் கையிலிருந்து பிடுங்கி நேராக டயாஃப்ரத்தில் குத்திவிடும். பித்தளையோ பிளாஸ்டிக்கோ வைத்துக்கொள்ளுங்கள். இடுக்கில் இருக்கும் இரும்புத் தூளை ஒட்டும் டேப்பால் எடுங்கள், ஊதாதீர்கள்.

வெட்டும் இடத்தைக் கீழே இறக்கும் ஆசையும் பலருக்கு உண்டு. 511பி ஹார்னை 500 ஹெர்ட்ஸுக்கு மேலும் 811பியை 800க்கு மேலும் பயன்படுத்தத்தான் செய்தார்கள். அதே சத்தத்தை ஒரு ஆக்டேவ் கீழே, அதாவது பாதி ஹெர்ட்ஸில், கேட்டால் டயாஃப்ரத்தின் அசைவு குறைந்தது இரட்டிப்பாகும். ஹார்னின் எல்லைக்கும் கீழே போனால் முன்னால் காற்றின் தாங்கலே இருக்காது, மெல்லிய அலுமினியம் எத்தனை நாள் தாங்கும்?

பழைய கெபாசிட்டர்களை மாற்றுவது நல்லதுதான், மதிப்பு நகர்ந்திருக்கும். ஆனால் பழைய எலெக்ட்ரோலிட்டிக் வகையை எடுத்துவிட்டு ஃபிலிம் வகையைப் போட்டதும் மேல் சுரம் கொஞ்சம் தூக்கலாகக் கேட்கும், ஏனென்றால் பழையதின் உள்மின்தடையும் டிசைனில் ஒரு பங்கு. எல்-பேட்டை மறுபடி தட்டிக்கொட்டிச் சரி செய்யாமல் "புது கெபாசிட்டர் காட்டமாக இருக்கிறது" என்று விலையுயர்ந்ததைத் தேடிப் போகிறார்கள். எண்ணெய் நிரப்பிய பழைய டப்பா கெபாசிட்டர் கசிந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், 80களுக்கு முந்தையவற்றில் பிசிபி என்ற நச்சு எண்ணெய் இருக்கலாம்.

ஜேபிஎல் ஊஃபரையும் வேறு கம்பெனி ஹார்னையும் கலந்து கட்டுகிறவர்களுக்கு ஒன்று. பழைய ஜேபிஎல்லில் சிவப்பு முனைக்கு பாசிட்டிவ் கொடுத்தால் கோன் வெளியே வராது, உள்ளே போகும். நிறத்தை நம்பி இணைத்தால் கிராஸ்ஓவர் இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஊஃபரில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள், அது எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும். ஹார்ன் பக்கத்துக்கு வயரை இரண்டு விதமாகவும் மாற்றிக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஹார்ன் மணி மாதிரி ஒலிக்கிறது என்று வெளியே பியூட்டைல் ரப்பர் ஷீட் ஒட்டுவது சரி. உள்ளே தொண்டையில் பஞ்சைத் திணிப்பது தப்பு, அது ஹார்னையே அடைக்கிற வேலை. நம் ஊர் ஈரத்துக்குப் பெட்டியின் அடியைத் தட்டிப் பாருங்கள், கரையான் இருந்தால் பொத்தென்று கேட்கும்.

சரி, இப்போது வால்வுப் பக்கம். வாட் குறைவாக இருக்கிறதே என்று பயப்படுவது முதல் தவறு. ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 105 டெசிபெல் தரும் ஸ்பீக்கரில் 2 வாட் தரும் சத்தத்தை 88 டெசிபெல் ஸ்பீக்கரில் எடுக்க 100 வாட் வேண்டும். 8 வாட் தரும் ஒற்றை 300பி தாமான் வீட்டு ஹாலுக்குத் தாராளம், பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்த்து. பயப்பட வேண்டியது ஹம் என்ற உறுமல் சத்தத்துக்குத்தான். ஆம்ப் வெளியே 1 மில்லிவோல்ட் ஹம் விட்டாலும் 105 டெசிபெல், 16 ஓம் ஸ்பீக்கரில் ஒரு மீட்டரில் 33 டெசிபெல் வரும், இரவில் பங்கா நிறுத்தினால் கேட்கும். சாதாரண ஸ்பீக்கரில் அதே ஆம்ப் ஊமையாக இருந்திருக்கும். ஆகவே கடையில் சின்ன புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு வாங்காதீர்கள். உங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக முடியாதென்றால் திருப்பித் தரலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள். ஹம்மைப் போக்க எர்த் பின்னைக் கழற்றுகிற ஆட்களையும் பார்த்திருக்கிறேன். உள்ளே 400 வோல்ட் இருக்கும் சாமானில் எர்த்தைக் கழற்றினால் உயிருக்கே ஆபத்து.

ஜப்பானிலிருந்து வரும் பழைய ஆம்ப்புக்கு 100 வோல்ட், அமெரிக்காவிலிருந்து வருவதற்கு 117 வோல்ட், நம் சுவரில் 230, 240. ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம், 60 ஹெர்ட்ஸுக்கென்றே சுற்றியது இங்கே 50 ஹெர்ட்ஸில் சூடேறும். டோக்கியோ பக்கம் 50, ஒசாகா பக்கம் 60, ஆகவே ஜப்பான் சாமானில் பின்னால் 50/60 என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

நான் செய்த பெரிய முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்-பேட் மாற்றி மாற்றிக் கேட்கும் அவசரத்தில், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்பீக்கர் வயரைக் கழற்றினேன். ட்ரான்ஸிஸ்டர் ஆம்ப்பில் அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. வால்வு ஆம்ப்பில் சுமை இல்லாமல் சிக்னல் போனால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் எகிறி இன்சுலேஷனைத் துளைத்துவிடும். ஒரு சின்ன 'டிக்', கொஞ்சம் வார்னிஷ் வாசனை, அவ்வளவுதான். ஈஎல்84 ஆம்ப்பின் இடது பக்கம் அன்றோடு ஓய்ந்தது. ஆம்ப்பை அணைத்த பிறகும் உள்ளே கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும், மல்டிமீட்டரில் பூஜ்யம் பார்க்காமல் கையை விடாதீர்கள்.

16 ஓம் ஸ்பீக்கருக்கு ஆம்ப்பில் 8 ஓம் முனைதான் இருக்கிறது என்றால் 300பி மாதிரி ட்ரையோட் வால்வில் பெரிய கேடில்லை, கொஞ்சம் வாட் குறையும். கேபிளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, காசு மிஞ்சினால் பிரியாணி சாப்பிடுங்கள். இடம் மட்டும் முக்கியம். கிளிப்ஷ்ஹார்ன் மாதிரி ஸ்பீக்கர் அறையின் மூலைச் சுவரையே பேஸ் ஹார்னின் நீட்சியாக வைத்துச் செய்யப்பட்டது, நம் ஃபிளாட்டில் ஒரு மூலையில் கதவும் இன்னொரு மூலையில் சாமி மேடையும் இருந்தால் அது வேண்டாம். என் மாதிரிப் பெட்டிக்கும் மூன்று மீட்டராவது தள்ளி உட்கார வேண்டும், இல்லாவிட்டால் ஊஃபர் தனி, ஹார்ன் தனி என்று இரண்டு பாட்டுக் கேட்கும்.

கழற்றும் எதையும் எறியாதீர்கள். எனக்கு முன்னால் இருந்தவர் அந்த அசல் கிராஸ்ஓவரை எறியாமல் வைத்திருந்தால் என் எட்டு மாதம் மிஞ்சியிருக்கும். நான் இப்போது கழற்றிய ஒவ்வொன்றையும் எந்த முனையில் இருந்தது என்று மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டி, ஒரு பெரிய மைலோ டின்னில் போட்டு, அதே பெட்டிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.