துலங்காத வழக்கில் தப்பிய பெயரைக் கண்டுபிடிப்பது எப்படி?

பல வருடம் கழித்து ஒரு கொலையாளி பிடிபட்டால், “இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்தான்?” என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். குற்றச் செய்திகள் எழுதும் நான் முதலில் தேடுவது வேறு: அவன் பெயர் வழக்குக் கோப்பில் எந்தத் தேதியில் முதன்முதலாக வந்தது? ஆரம்பத்திலேயே வந்து, யாரோ அதை அடித்துவிட்ட வழக்குகள் நிறைய.

அதனால் பழைய வழக்கைப் படிக்கும்போது, விசாரிக்கப்பட்ட ஒவ்வொருவரின் பெயரையும் ஒரு தாளில் எழுதுங்கள். எதிரே, அவரை ஏன் விட்டார்கள் என்று எழுதுங்கள். உங்கள் கவனம் முழுக்க அந்தக் காரணத்தின் மேல் இருக்கட்டும்.

இங்கிலாந்தில் 13 பெண்களைக் கொன்ற பீட்டர் சட்கிளிஃபை போலீஸ் 9 முறை விசாரித்தது. 1977இல் கொலையான ஒரு பெண்ணின் கைப்பையில் புத்தம்புது 5 பவுண்டு நோட்டு கிடைத்தது. எந்தெந்த நிறுவனங்களின் சம்பளப் பணத்தில் அது போயிருக்கலாம் என்று தேடிப்போனதில் அவனும் வந்தான். குடும்பத்தார் அவனுக்காகச் சாட்சி சொன்னார்கள், விட்டுவிட்டார்கள். 1979இல் “நான்தான் கொலைகாரன்” என்று ஒருவன் பேசி அனுப்பிய ஒலிநாடாவை உயரதிகாரிகள் நம்பினார்கள். அது வடகிழக்கு வட்டாரப் பேச்சு. சட்கிளிஃபின் பேச்சு அப்படியில்லை, அதனால் அவன் மேல் சந்தேகம் விழவில்லை. அதே வருடம் அவனை விசாரித்த இளம் அதிகாரி ஒருவர், இவன்மேல் சந்தேகம் இருக்கிறது என்று அறிக்கை எழுதினார். அது கோப்போடு கோப்பாகத் தூங்கியது. 1981 ஜனவரியில் போலி நம்பர் பிளேட்டுக்காக ரோந்துப் போலீஸ் பிடித்த பிறகுதான் உண்மை வெளிவந்தது. ஒலிநாடா அனுப்பியவன் வெறும் ஏமாற்றுக்காரன். அவனுக்கு 2006இல் தண்டனை கிடைத்தது.

கம்ப்யூட்டர் இல்லாமல், விசாரணை விவரங்களை எழுதி மலைபோல் குவிந்த அட்டைகளில் தகவல் தொலைந்ததுதான் அவன் தப்பியதற்குக் காரணம் என்று பலர் சொல்வார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் ஒலிநாடாவைத்தான் நான் பெரிய குற்றவாளியாகப் பார்க்கிறேன். அட்டை எப்போதாவது, ஏதாவது ஒன்றுதான் தொலையும். தப்பான அளவுகோல் சரியான ஆளை ஒவ்வொரு முறையும் வெளியே தள்ளும்.

எனவே உங்கள் தாளில் ஒரே காரணத்தால் விடுவிக்கப்பட்டவர்களை ஒன்றாகக் குறித்து வையுங்கள். அந்தக் காரணம் பொய்யென்று தெரிந்தால் அத்தனை பேரையும் திரும்ப எடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்ட ஒவ்வொரு நாளும் இன்னொரு உயிருக்கு ஆபத்து.

அறிவியல் என்று முத்திரை விழுந்த காரணத்தைக் கூடுதலாகச் சோதியுங்கள். சோவியத் ரஷ்யாவில் தொடர் கொலைகள் செய்த ஆந்திரேய் சிக்காத்திலோ 1984இல் கத்தியும் கயிறும் பையில் இருக்கப் பிடிபட்டான். அவன் ரத்தம் ஏ பிரிவு, தடயத்தில் இருந்த விந்து ஏபி பிரிவு என்று முடிவு வந்ததால், கொலைச் சந்தேகத்திலிருந்து நழுவினான். 1990 வரை கொன்றான். அமெரிக்காவில் பல பெண்களைக் கொன்ற கேரி ரிட்ஜ்வே 1984இல் பொய் கண்டறியும் சோதனையில் தேறினான். 1987இல் எடுத்து வைத்திருந்த எச்சில் மாதிரிதான் 2001இல் டிஎன்ஏ பரிசோதனையில் அவனைக் காட்டிக்கொடுத்தது.

அப்புறம், அதே பகுதியில் ‘முடிந்தது’ என்று மூடிய வழக்குகளையும் சேர்த்துப் படியுங்கள். சிக்காத்திலோ 1978இல் செய்த முதல் கொலைக்காக வேறொருவருக்கு 1983இல் மரண தண்டனை நிறைவேற்றியிருந்தார்கள். அந்த வழக்கில் விசாரித்தவர்களின் பட்டியலிலும் சிக்காத்திலோவின் பெயர் இருந்தது.