மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கடைக் கட்டடம் வாங்குற ஆக்கள் விடுற பிழைகள்

எங்கட ஆக்கள் கடை வாங்கினாலும் வீட்டு வளவு வாங்குற மாதிரித்தான் வாங்குறாங்க. முதல் கேள்வியே காணி அளவ வச்சு "பேர்ச் என்ன விலை போகுது?" எண்டுதான். வீட்டுக்கு அது சரி, நீங்க குடியிருப்பீங்க, மறுகா மகளுக்குச் சீதனமா எழுதிக் குடுப்பீங்க, கணக்குப் பாக்கத் தேவல்ல. கடைக் கட்டடத்துக்குப் பேர்ச் விலைய விட முக்கியமான கேள்வி மூணு கிடக்கு: மாசம் மாசம் என்ன வாடகை வருது, யாரு தாறாங்க, அத வாங்குறதுக்கு உங்கட கடதாசியில உரிமை இருக்கா. இந்த மூணையும் கேக்காமக் கோடிக் கணக்கில அட்வான்ஸ் குடுத்துட்டு நிக்கிற ஆக்கள வாரத்துக்கு ஒருத்தரெண்டாலும் காணலாம்.

கணக்க ஒருக்காப் போட்டுப் பாப்பம். கல்முனை டவுன்ல மெயின் வீதியப் பாத்த ரெண்டு மாடிக் கட்டடம் எண்டு வைங்க, கீழ ரெண்டு கடை, மேல ஒரு டியூஷன் சென்டர், விலை 6 கோடி, மொத்த வாடகை மாசம் 2 லட்சம் (உதாரணத்துக்குத்தான் சொல்றன், இதச் சந்தை விலையெண்டு எடுத்துராதீங்க). வருசத்துக்கு 24 லட்சம், நூத்துக்கு 4. புரோக்கர் இதோட கணக்க நிப்பாட்டிருவார். சபைக்குக் கட்டுற சோலை வரி, பெயின்ட், ஒழுகுற கூரை, மேல் மாடி மூணு மாசம் சும்மா கிடந்தது எல்லாத்தையும் கழிச்சுட்டுப் பாத்தா கையில 20 லட்சம் மிஞ்சினாப் பெரிய காரியம், அப்ப போட்ட 6 கோடி வாடகையால மட்டும் திரும்பி வாறதுக்கு 30 வருசம். இதுக்குள்ள முத்திரை வரிய நாங்க இன்னும் தொடவே இல்ல. முதல் 1 லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம், 6 கோடிக்கு 23 லட்சத்து 99 ஆயிரம் வருது, முதல் வருச வாடகை முழுக்க அதுக்கே போகுது, உறுதி எழுதுற நொத்தாரிசுட கூலி வேற.

"காணி விலை ஏறும்தானே" எண்டு சொல்லுவாங்க. ஏறலாம். ஆனா அப்ப நீங்க வாடகைக்காக வாங்கல்ல, விலை ஏறுமெண்ட நம்பிக்கையில வாங்குறீங்க, அது தெரிஞ்சு சொந்தக் காசில வாங்கினாப் பரவால்ல, 4 வீதம் வருமானம் வாற கட்டடத்த அதுக்கு மேல வட்டி கட்டுற லோன்ல வாங்கினா மாசா மாசம் உங்கட மத்த யாவாரத்தில இருந்து எடுத்துத்தான் இத ஓட்டணும். மாறுற வட்டிக்கு லோன் எடுத்த ஆக்களுக்கு 2022 நல்லாவே ஞாபகம் இருக்கும், அந்த வருசம் ஏப்ரல்ல மத்திய வங்கி ஒரே தடவையில கொள்கை வட்டிய 7 வீதப் புள்ளி கூட்டினது. பேங்க்காரருக்கு 1990ம் ஆண்டு 4ம் இலக்கச் சட்டம் இருக்கு, ஈடு வச்ச காணியக் கோட்டுக்குப் போகாமலே ஏலம் போடலாம், பராட்டே எண்டு சொல்றது அதத்தான். லோன் எடுக்கக்குள்ள வட்டி 5 வீதம் கூடினாத் தவணை எவ்வளவு வரும், அந்த நேரம் ஒரு கடை காலியாக் கிடந்தா எங்கால கட்டுவீங்க எண்டு ஒரு கடதாசியில எழுதிப் பாருங்க, எழுதக்குள்ளயே கை நிண்டுட்டுதெண்டா விலையக் குறைச்சுக் கேளுங்க, இல்லாட்டி விட்டுருங்க.

இன்னொண்டு, வரி மிச்சம் பிடிக்கிறமெண்டு உறுதியில (காணிப் பத்திரத்துல) பாதி விலை போடுறது. முத்திரை வரிய எழுதின விலைக்கு இல்ல, சந்தைப் பெறுமதிக்குத்தான் பாப்பாங்க. அதோட 2018ல இருந்து மூலதன ஆதாய வரி திரும்ப வந்துட்டு, நாளைக்கு நீங்க நியாயமான விலைக்கு விக்கக்குள்ள உறுதியில கிடக்கிற அந்தப் பாதி விலையில இருந்துதான் லாபம் எண்ணுவாங்க. வித்தவர் தப்பிருவார், நீங்க மாட்டுப்படுவீங்க.

கடதாசி விசயத்துல எங்கட மாவட்டங்கள் தனி ரகம். ஒரே வீதியில பக்கத்துப் பக்கத்துல உறுதிக் காணி, அரசாங்கம் அனுமதிப் பத்திரத்துல குடுத்த பெர்மிட் காணி, அளிப்புப் பத்திரத்துல குடுத்த ஜயபூமி, கோயில் காணி, பள்ளிவாசலுக்கோ தர்மத்துக்கோ விட்ட வக்பு காணி எல்லாம் கலந்து கிடக்கும், மேல கட்டடத்தப் பாத்தா ஒண்டும் தெரியாது, எல்லாத்துக்கும் ஒரே டைல்ஸ்தான். பெர்மிட்டும் ஜயபூமி, ஸ்வர்ணபூமி அளிப்புப் பத்திரங்களும் 1935ம் ஆண்டு காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குக் கீழ வாறது, பெர்மிட்ட விக்கவே ஏலாது, அளிப்புக் காணியெண்டாலும் பிரதேச செயலாளர்ட சம்மதம் இல்லாம விக்க ஏலாது. ஆனா ஆக்கள் என்ன செய்றாங்க, வெள்ளக் கடதாசியில ஒரு உடன்படிக்கை, ரெண்டு சாட்சி, ஒரு ஜேபிட (சமாதான நீதவான்ட) சீல், முடிஞ்சுது. காணி விக்கிறதெண்டா 1840ம் ஆண்டு 7ம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு முன்னால, ரெண்டு சாட்சியோட எழுதினாத்தான் செல்லும், ஜேபி எத்தின சீல் குத்தினாலும் அது உறுதியாகாது. வக்பு சொத்தெண்டா 1956ம் ஆண்டுச் சட்டம் இருக்கு, வக்பு சபைட அனுமதியில்லாம நம்பிக்கைப் பொறுப்பாளர்மார் தாங்களா வித்துத் தர ஏலாது.

சரி, சுத்தமான உறுதிக் காணியெண்டே வைப்பம், அதயும் வாசிக்கணும். எங்கட பக்கம் நிறையக் கட்டடம் தாய் மகளுக்குக் குடுத்த சீதன உறுதியிலயோ நன்கொடை உறுதியிலயோதான் வந்திருக்கும். முதல் பக்கத்துல மகள்ட பேரு இருக்கும், எல்லாரும் அதோட மூடிருவாங்க. மூணாம் பக்கத்துல நாலு வரி கிடக்கும், "எனது சீவிய காலம் வரைக்கும் அனுபவிக்கும் உரிமையை எனக்கு ஒதுக்கி வைத்துக்கொண்டு" எண்டு. அந்தத் தாய் உசிரோட இருக்கும்வரைக்கும் வாடகை அவட உரிமை, மகள் மட்டும் கையெழுத்து வச்சு வித்தா உங்களுக்கு வாறது பேருக்கு உரித்து, வாடகை வராது. தாயும் சேந்து கையெழுத்து வைக்கணும், இல்லாட்டி அந்த உரிமையத் துறந்து தனியா ஒரு உறுதி எழுதணும். சகோதரங்கள் பிரிக்காம வச்சிருக்கிற காணியும் இதே மாதிரித்தான், "நாலில் ஒரு பங்கு" எண்டு வாங்கினா எந்த மூலை உங்கட கடையெண்டு சொல்ல ஆளில்ல, மறுகா 1977ம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்துக்குக் கீழ வழக்கு, அது உங்கட பேரப்புள்ள காலத்துல முடியும்.

"பத்து வருசத்துக்கு மேல ஆட்சி, யாரும் ஒண்டும் கேக்க மாட்டாங்க" எண்டு ஒரு கதை சொல்லுவாங்க. அரச காணியில எத்தின வருசம் இருந்தாலும் ஆட்சிய வச்சு அது சொந்தமாகாது. தனியார் காணியெண்டாலும் கோட்டுத் தீர்ப்பில்லாம ஆட்சிய மட்டும் வச்சு பேங்க் லோன் தராது. அதோட இது சண்டை நடந்த ஊரு, இடம்பெயர்ந்து போன ஆக்கள்ட காணியில மத்தவங்க கட்டின கடை எத்தினயோ இருக்கு, அதுக்காகவே 2016ல 5ம் இலக்கச் சட்டம் வந்து, 1983 மே 1ல இருந்து 2009 மே 18 வரைக்குமான காலத்த இடம்பெயர்ந்த ஆக்களுக்கு எதிரா அந்தப் பத்து வருசக் கணக்குல சேக்க வேணாமெண்டு சொன்னது. பத்து வருசம் எண்ட சொல்லுக்கு மட்டும் காசு குடுக்காதீங்க, 30 வருச உறுதித் தொடர் கேளுங்க.

வெளிநாட்டுல இருக்கிற எங்கட சனம்தான் இப்ப கூடுதலா வாங்குது, சுவிஸ், லண்டன், கனடா. 2014ம் ஆண்டு 38ம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த ஆளுக்குக் காணிய அறுதியா எழுத ஏலாது, இரட்டைக் குடியுரிமை இருந்தாப் பிரச்சினையில்ல, இல்லாட்டி ஆகக் கூடினது 99 வருசக் குத்தகைதான். பாதியோ அதுக்கு மேலயோ வெளிநாட்டுப் பங்குள்ள கொம்பனிக்கும் பொதுவா இதே தடைதான். உடன "மச்சான்ட பேர்ல எழுதுவம்" எண்டுருவாங்க. மச்சான் நல்லவராவே இருக்கட்டும், அவருக்கு ஒண்டு நடந்தா உறுதிப்படி அந்தக் கட்டடம் அவர்ட பெண்சாதி புள்ளைகளுக்கு, அவங்களோட நீங்க வாய்ப் பேச்சில போட்ட ஒப்பந்தம் ஒண்டும் இல்ல. இரட்டைக் குடியுரிமைக்குப் போற செலவு இந்த வழக்குச் செலவுக்குக் கால் தூசு. வெளிநாட்டுல இருக்கிறவர் அற்றோனி (தனக்காக இன்னொருத்தர் கையெழுத்து வைக்கக் குடுக்கிற அதிகாரப் பத்திரம்) மூலம் விக்கிறாரெண்டா அவரோட வீடியோ கோல்ல ஒருக்காக் கதைங்க, அற்றோனி குடுத்தவர் மௌத்தாப் போயிட்டாரெண்டா அந்த அற்றோனியும் அதோட செத்துப் போகும், அதுக்குப் பிறகு எழுதின உறுதி நிக்காது.

வாடகைக்காரர் இருக்கிற கட்டடம் வாங்கக்குள்ளதான் மிச்சம் கவனம். புரோக்கர் "காக்கா, கட்டடத்தப் பாத்தாப் போதும், கடைக்காரரக் குழப்ப வேணாம்" எண்டு சொன்னாரெண்டா கட்டாயம் கடைக்காரர்ட்டப் போங்க. காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று மாதிரி யாவார ஊர்கள்ல வாடகை குறைவாயிருக்கும், அதுக்குப் பதிலா முன்பணமோ கீ மணியோ (கடைய எடுக்கிறதுக்கெண்டு குடுக்கிற காசு) பத்து இருவது லட்சம் வாங்கிருப்பாங்க. வித்தவர் அதச் செலவழிச்சிருப்பார், கடைக்காரர் எழும்பக்குள்ள உங்கட்டத்தான் கேப்பார். ஒவ்வொரு கடைக்காரர்ட்டயும் ஒரு பக்கக் கடிதம் எடுங்க: வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, எப்ப முடியுது, வாடகை எதுவரைக்கும் கட்டியிருக்கு, உள்ள போட்ட தட்டு, ஏசி யாருட, வேற வாய்ப் பேச்சு ஏதும் இருக்கா. அவர் கையெழுத்து வைக்க மாட்டனெண்டு சொன்னா அதுவே உங்களுக்கு ஒரு பதில்தான். "காலி பண்ணித் தாறம்" எண்டு சொன்னா காலி பண்ணின பிறகு மிச்சக் காசு. ஒரு மாசத்துக்கு மேற்பட்ட குத்தகையும் நொத்தாரிசு உறுதியாத்தான் இருக்கணும், அதே 1840 சட்டம்தான், அஞ்சு வருசம் எண்டு முத்திரை ஒட்டி எழுதின கடதாசி கோட்டுல அஞ்சு வருசமா நிக்காது. மாநகரசபை, பிரதேச சபைக் கடைகள "உரிமை மாத்தித் தாறன்" எண்டு விக்கிற ஆக்கள்ட்டயும் சபைட எழுத்து மூல அனுமதி இல்லாமக் காசு குடுக்க வேணாம்.

இடத்தப் போய்ப் பாக்கிறதுலயும் ஒரு விதம் இருக்கு. எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை வெயிலுக்க போய்ப் பாத்துட்டு வாறாங்க. காத்தான்குடி மெயின் வீதியில நடுவால பேரீச்ச மரம் நட்ட தடுப்புப் போகுது, தடுப்பு எந்த இடத்துல வெட்டியிருக்கு எண்டதப் பொறுத்து ஒரே வீதியில ரெண்டு கடைக்கு வாற ஆக்கள் வித்தியாசம். பின்னேரம் அஞ்சு மணிக்குப் போய் எதிர்ப்பக்கம் ஒரு டீக்கடையில குந்துங்க, யாரு வண்டிய நிப்பாட்டுறாங்க, எங்க நிப்பாட்டுறாங்க, எத்தின பேர் பையோட வெளிய வாறாங்க எண்டு பாருங்க. மாசமும் முக்கியம், பெரும்போக நெல் வெட்டு முடிஞ்ச பெப்ரவரி, மார்ச்சில அம்பாறைப் பக்கக் கடைத்தெருவுல ஓடுற காசு ஒக்டோபர்ல ஓடாது, கடைக்காரர் காட்டுற கொப்பி எந்த மாசத்துட கொப்பி எண்டு கேளுங்க.

மறுகா மாரிக்குள்ள ஒருக்காப் போங்க. நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் மாரி மழை, 2011 ஜனவரி வெள்ளம் எவ்வளவு உயரம் வந்ததெண்டு பக்கத்து வீட்டுக்காரரக் கேட்டாச் சுவத்துல கையக் காட்டுவாங்க. வாவியோரம் நிலத்தடித் தண்ணி மேலாலயே கிடக்கிறதால மழைக்கு மலகூடக் குழி நிரம்பி வழியும், சாப்பாட்டுக் கடைக்கோ கிளினிக்குக்கோ குடுக்கப் போறீங்கெண்டா வாடகைக்காரர் முதல் மாரியோட ஓடிருவார். நிரப்பின வயலெண்டா இன்னும் கவனம், 2000ம் ஆண்டு 46ம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி எழுத்து மூல அனுமதி இல்லாம வயல நிரப்ப ஏலாது, கிரவல் போட்டு மேல கட்டடம் எழும்பிட்டுதெண்டதுக்காக அது சரியாகிராது.

கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் வழியாப் போற ஏ4 வீதியிலயும் திருமலைக்குப் போற ஏ15 வீதியிலயும் வீதி அபிவிருத்தி அதிகார சபைட எல்லைய முதல்ல கேளுங்க. கடைட முன் பத்தடி அந்த எல்லைக்குள்ள கிடந்தா, உங்கட ஷோகேஸ் நிக்கிறது கடன் வாங்கின இடத்துல. சபையில வீதி எல்லைச் சேர்டிபிகேட்டும், கட்டி முடிச்சதுக்குக் குடுக்கிற கொன்போமிட்டி சேர்டிபிகேட்டும் இருக்கா எண்டு பாருங்க. வீடெண்டு பிளான் பாஸ் பண்ணிட்டுக் கடையா நடத்துற கட்டடம் கொள்ள கிடக்கு, பேங்க்காரர் வந்தவுடன முதல் கேக்கிறது அதத்தான்.

பாசிக்குடா, கல்லடி, அறுகம்பை எண்டு கடலோரம் ஆசைப்படுற ஆக்களுக்கு ரெண்டு விசயம். கடல் உயர்நீர்க் கோட்டில இருந்து தரைப்பக்கம் 300 மீட்டர் வரைக்கும் கரையோர வலயம், 1981ம் ஆண்டு 57ம் இலக்கச் சட்டம், அதுக்குள்ள கட்ட கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்துட பெர்மிட் வேணும், வாவி கடலோட சேருற முகத்துவாரப் பக்கமெண்டா வலயம் 2 கிலோமீட்டர் வரைக்கும் உள்ளுக்கு வரும். ரெண்டாவது சீசன். அறுகம்பையில அலை ஏப்ரல் கடைசியில இருந்து ஒக்டோபர் வரைக்கும், மத்த மாசம் ரூம் காலி. ஓகஸ்ட் மாச வருமானத்தக் காட்டி அதப் பன்னிரெண்டால பெருக்கிச் சொல்ற விலைய நம்பாதீங்க, ஆறால பெருக்குங்க. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்பு, மறுகா கொரோனா, மறுகா 2022 பொருளாதார நெருக்கடி எண்டு வரிசையா வந்த அடியில பூட்டின கனக்க ஹொட்டலுக்கு அலையோ மணலோ குறையில்ல, பூட்டியிருந்தாலும் தவணை ஓடினதுதான் குறை.

நொத்தாரிச நீங்க தேடுங்க, வித்தவர்ட ஆளையோ புரோக்கர்ட ஆளையோ "எல்லாருக்கும் ஒரே ஆள், செலவு குறையும்" எண்டு எடுக்காதீங்க. பதிவேட்ட அட்வான்சுக்கு முன்ன ஒருக்கா, உறுதி எழுதுற அண்டைக்குக் காலையில இன்னொருக்காப் பாக்கச் சொல்லுங்க, இடைக்கிடை ஈடு, தடையுத்தரவு ஏதும் ஏறியிருக்கும். எழுதி முடிச்ச உறுதிய அந்தக் காணி எந்தக் கந்தோருக்கு வருதோ, மட்டக்களப்போ கல்முனையோ அம்பாறையோ, அங்க அடுத்த வேலை நாளே பதியக் குடுங்க. நல்ல நாள் பாத்துப் பதிவம் எண்டு லாச்சியில வச்சிருந்த காலத்துல அதே காணிய இன்னொருத்தர் காசு குடுத்து வாங்கி முதல்ல பதிஞ்சிட்டாரெண்டா சட்டத்துல முந்தி நிக்கிறது அவர்ட உறுதிதான்.