வில்லுக்கு எட்டும் தூரத்தில் கொயோட்டி: என் அனுபவம்

டெக்சாஸில் கொயோட்டி (ஓநாய் போன்ற வட அமெரிக்கக் காட்டு விலங்கு) வேட்டைக்கு வில்லோடு போகிறவர்களுக்கு இருக்கும் பெரிய தலைவலி அதன் மூக்குதான். முயல் அலறும் சத்தத்தை ஸ்பீக்கரில் போட்டால் வரும், ஆனால் நேராக வராது, மோப்பம் பிடிக்க வளைந்து காற்று வீசிப் போகும் பக்கத்துக்குப் போகும், அங்கே நம் வாடை பட்டதும் ஓட்டம்தான். எனக்கும் இதே கதைதான் நடந்துகொண்டிருந்தது.

கடைசியில் கைகொடுத்தது ஸ்பீக்கரை இடம் மாற்றியதுதான். இப்போது காற்று வரும் திசையில், என்னிடமிருந்து சுமார் 30 கஜம் தள்ளி வைக்கிறேன். சத்தம் வரும் இடத்தின் வாடையைத் தேடி வளைந்து வரும் கொயோட்டி, என் வாடை போகும் பாதையைத் தொடுவதற்கு முன்பே என் முன்னால் குறுக்கே கடக்கிறது. பக்கத்திலேயே வாலாட்டும் பொம்மை ஒன்றும் வைத்தால் கொயோட்டியின் கண் அங்கேயே இருக்கும்.

அப்புறம் வில்லை இழுக்கும் அசைவு. அடர்ந்த ஜூனிப்பர் என்ற ஊசியிலைப் புதருக்குப் பின்னால் கொயோட்டியின் தலை மறையும் நொடியில் மட்டும் இழுக்கிறேன். கப்பிகள் பொருத்திய காம்பவுண்ட் வில்லில் முழுதாக இழுத்த பிறகு பாரம் வெகுவாகக் குறைந்துவிடும், அதனால் கொஞ்ச நேரம் பிடித்துக் காத்திருக்கலாம். குரல் கொடுத்து நிறுத்தாதீர்கள், உஷாரான கொயோட்டி நாண் சத்தத்துக்கே துள்ளி விலகிவிடும். ரோமம் உடம்பைப் பெரிதாகக் காட்டும், முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் குறி வையுங்கள், பக்கவாட்டில் நிற்காவிட்டால் அம்பை விடவே வேண்டாம்.