பனிக் கணவாய்களில் இருவராக நடப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளின் வழியாக மோன் பிளாங் மலையைச் சுற்றி வரும் நடைபாதை ஏறத்தாழ 170 கி.மீ. நீளமுடையது. பகலில் நடந்து, மாலையில் ஒரு மலைக்குடிலில் தங்கி, மறுநாள் அடுத்த குடிலுக்குப் புறப்படுவது இங்குள்ள வழக்கம். கணவனும் மனைவியுமாகச் செல்வோர் பலர் முதலில் கோட்டைவிடுவது தேதியில்தான். ஜூன் நடுவில் குடில்கள் பலவும் திறந்துவிடுகின்றன. அதனால் பாதையும் தயாராகிவிட்டது என்று நம்பிவிடுகிறார்கள். உயரமான கணவாய்களில், அதுவும் வடக்கு நோக்கிய சரிவுகளில், ஜூலை தொடக்கத்திலும் பனி கிடக்கக்கூடும்.

இதைவிடப் பெரிய தவறு, பதிவு செய்த படுக்கைக்காக ஆபத்தான கணவாயைக் கடப்பது. குடில்களில் இடம் கிடைப்பது அரிது; பல மாதங்களுக்கு முன்பே பணம் கட்டியிருப்பார்கள். அந்தப் பணம்தான் காலையில் இருவரையும் தள்ளிக்கொண்டு போகிறது. தயவுசெய்து அதற்கு இடம் கொடுக்காதீர்கள். 2,665 மீட்டர் உயரமுள்ள கோல் தே ஃபூர் கணவாய் பனியால் மூடியிருந்தால், லே ஷாப்பியூ கிராமத்துக்கு இறங்கிச் சுற்றிப் போகலாம். இத்தகைய மாற்று வழிகளை ஒவ்வொரு நாளுக்கும் ஊரிலிருந்து கிளம்பும்போதே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். கணவாய் எப்படி இருக்கிறது என்பதை முந்தைய இரவே குடில் பொறுப்பாளரிடம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் அதற்கு மேல் பேச்சு இல்லை.

கிளம்பும் நேரமும் முக்கியம். அதிகாலையில் இறுகிக் கிடக்கும் பனி, மதியத்தில் இளகி முழங்கால் வரை உள்ளே இழுக்கும். ஓடைகளுக்கு மேல் நிற்கும் பனிப்பாலங்களும் அப்போதுதான் பலவீனமாகின்றன. ஆனால் இறுகிய பனி செங்குத்தான சரிவில் வேறு விதமான ஆபத்து: கால் வழுக்கினால் கைத்தடி நிறுத்தாது. அங்கே கிராம்பன் (காலணியின் அடியில் மாட்டும் கூர்முள் சட்டம்), பனிக்கோடரி, அவற்றைப் பயன்படுத்தும் பயிற்சி மூன்றும் வேண்டும். பயிற்சி ஒருவருக்கு மட்டும் இருந்தால் போதாது. அப்படியானால் திரும்பிவிடுங்கள்.

இருவரில் வேகமானவரின் நடையை வைத்து நேரம் கணக்கிடுவதும் எங்கும் காணும் பிழை. சுவிட்சர்லாந்தின் மஞ்சள் வழிகாட்டிப் பலகைகளில் உள்ள நேரத்தில் ஓய்வு சேராது. பனியில் அது இன்னும் நீளும். மெதுவாக நடப்பவர் முன்னே செல்லட்டும். வேகமானவர் முன்னால் போய் நின்று, மற்றவர் வந்து சேர்ந்ததும் மறுபடி கிளம்பினால், ஓய்வு தேவைப்படுபவருக்குத்தான் ஓய்வே கிடைக்காது. சுமையைப் பிரிக்கும்போதும் கவனம் தேவை: கூடாரம் இல்லாத இந்தப் பயணத்தில் வரைபடம், கதகதப்பான மேலாடை, சிறிது உணவு ஆகியவை இருவர் பையிலும் தனித்தனியாக இருக்க வேண்டும். மூடுபனியில் பிரிய நேர்ந்தால் ஒரே பையில் உள்ள பொருள் மற்றவருக்கு உதவாது.

குடிலில் தனி அறையை எதிர்பார்க்காதீர்கள், பெரும்பாலும் பொதுக்கூடம்தான். போர்வை தருவார்கள், அதற்குள் நுழைந்து படுக்கும் மெல்லிய துணி உறையை நீங்கள் கொண்டுபோக வேண்டும். கையில் யூரோ, சுவிஸ் பிராங்க் இரண்டும் ரொக்கமாக இருக்கட்டும். வழியை மாற்றினால் உடனே குடிலுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், வராத இருவரைத் தேடி மீட்புக் குழுவை அழைக்கும் நிலை பொறுப்பாளருக்கு வரலாம்.