எண்ணெய் வழியும், ஆனாலும் இழுக்கும்: மலையகக் குளிரில் பேஸ்வாஷும் பகல் கிரீமும் பார்த்து வாங்குவது எப்படி?

தைப்பொங்கலுக்குக் கொழும்பிலிருந்து வந்த தங்கச்சி, இரண்டாம் நாள் காலையிலேயே கண்ணாடி முன்னால் நின்று புலம்பத் தொடங்கிவிட்டாள். மூக்கும் நெற்றியும் பளபளவென்று எண்ணெய். கன்னமோ சிரித்தால் இழுக்கிறது, வாயோரம் செதில் செதிலாக உரிகிறது. "எண்ணெய் வடியிற முகம் எப்பிடிக்கா காயும்?" என்று கேட்டாள். கொழும்பில் ஒத்துப்போன அதே பேஸ்வாஷைத்தான் மலையகத்துத் தலவாக்கலையிலும் போட்டிருக்கிறாள்.

எண்ணெயைச் சுரப்பது தோலுக்குள் இருக்கும் சுரப்பி. தண்ணீரைப் பிடித்து வைப்பது தோலின் மேலடுக்கு. இரண்டும் வேறு வேறு கணக்கு. தை, மாசியில் வீசும் காய்ந்த குளிர்காற்று மேலடுக்கின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகும். சுரப்பி தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். அதனால்தான் ஒரே முகத்தில் வழிசலும் வறட்சியும்.

முதலில் சோதித்துப் பாருங்கள்

முகத்தைக் கழுவி, துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, எதுவும் பூசாமல் அரைமணி நேரம் இருங்கள். நெற்றியும் மூக்கும் மினுங்கி, கன்னம் இறுக்கமாக இருந்தால் இந்தக் குறிப்பு உங்களுக்குத்தான். கன்னத்தை விரலால் லேசாக மேலே தள்ளும்போது மெல்லிய கோடுகள் விழுந்தால் சந்தேகமே வேண்டாம்.

பேஸ்வாஷ் எடுப்பது

நம் வீடுகளில் குளிக்கிற சவர்க்காரமே முகத்துக்கும் போகும். தோலின் பி.எச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு; ஏற ஏறக் காரம்) ஏறக்குறைய 5. சாதாரண சவர்க்காரக் கட்டியின் பி.எச் 9, 10 வரை இருக்கும். அழுக்கு போகும்தான், கூடவே ஈரத்தைக் காக்கும் கொழுப்பும் போய்விடும். கழுவியபின் கழுவிய பீங்கான் மாதிரி முகம் கிறீச்சென்று இருந்தால் "நல்லா சுத்தமாயிருச்சு" என்று நினைப்போம். அதுதான் தப்பு. கழுவிய பிறகு முகம் மெத்தென்று, ஒன்றுமே நடக்காதது போல இருக்க வேண்டும்.

பாமசியில் டியூபைத் திருப்பி, பொருட்பட்டியலின் முதல் ஐந்தாறு பெயர்களை மட்டும் படியுங்கள். அதிகம் உள்ள பொருள்தான் முன்னால் வரும். கிளிசரின் முன்வரிசையில் இருந்தால் நல்லது. கோகமிடோபுரோப்பில் பீட்டெயின், டெசில் குளுக்கோசைட் போன்றவை மென்மையாக நுரைப்பவை. கடுமையாக நுரைத்துத் தோலைக் காயவைக்கும் சோடியம் லோரில் சல்பேட் முன்னால் நின்றால் வைத்துவிட்டு வாருங்கள். மென்தோல் போட்ட 'ஐஸ் கூல்' வகைகளும் வேண்டாம்; நுவரெலியாக் குளிரில் அந்தக் கூல் யாருக்கு? பருவுக்கான சாலிசிலிக் அமில பேஸ்வாஷை, இழுவை நின்ற பிறகு வாரம் இரண்டு தடவை தொடலாம்.

கழுவும் விதம்

விடியக்காலைப் பைப் தண்ணீர் ஊசி போலக் குத்தும், தெரியும். அதற்காகக் குளிக்கக் காய்ச்சிய சுடுதண்ணீரை அப்படியே முகத்தில் ஊற்றாதீர்கள். கலந்து, மணிக்கட்டில் விட்டுப் பார்த்தால் சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. அரை நிமிடம் தேய்த்தால் போதும். பேஸ்வாஷ் இரவில் கட்டாயம். காலையில் வெறும் தண்ணீரே பலருக்குப் போதும்.

பகல் கிரீம்

எண்ணெய் முகம் என்று கிரீமையே விட்டுவிடுவது ஒரு பக்கம், தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொள்வது மறுபக்கம். தேங்காய் எண்ணெயில் தண்ணீர் கிடையாது; எண்ணெய்ச் சருமத்தில் துவாரத்தை அடைத்துப் பரு கிளப்பவும் கூடும்.

உங்களுக்குத் தேவை ஜெல் கிரீம் வகை. ஈரத்தை இழுத்துப் பிடிக்கக் கிளிசரின் அல்லது ஹையலுரோனிக் அமிலம், அதன்மேல் மூடி போட டைமெத்திகோன் அல்லது ஸ்குவாலேன். தோலின் ஈரக்காப்புக்குக் கைகொடுக்கும் செரமைட், நியாசினமைட் இருந்தால் இன்னும் நல்லது. தோலைக் காயவைக்கும் 'ஆல்கஹால் டெனாட்' முன்னால் இருந்தால் தவிருங்கள். செட்டில் ஆல்கஹால் வேறு சாமான், அது காயவைக்காது. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

கடையில் டெஸ்டர் இருந்தால் புறங்கையில் ஒரு பொட்டு தடவி, ஐந்து நிமிடம் கழித்து டிசுவை அழுத்துங்கள். டிசு கண்ணாடி போலத் தெளிந்தால் அது உங்களுக்குக் கனம். லேசான ஈரத்தடம் மட்டும் என்றால் சரி.

வீட்டில், முகம் பாதி ஈரமாக இருக்கும்போதே பட்டாணி அளவு எடுத்துப் பூசுங்கள். காய்ந்த முகத்தில் பூசினால் பாதிப் பலன்தான்.

லேபலே இல்லாத வெள்ளையாக்கும் கிரீம் பக்கம் போகவே வேண்டாம். அப்படிப்பட்டவற்றில் பாதரசம் கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது.

மேலே சன்ஸ்கிரீன்

"குளிருதே, எதுக்கு வெயில் கிரீம்?" என்று கேட்காதவர் இல்லை. ஆயிரம் மீற்றர் ஏறினால் புற ஊதாக்கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். பனிமூட்டத்தையும் தாண்டி அந்தக் கதிர் வரும். எஸ்.பி.எஃப் (வெயில் காப்பின் அளவு) 30க்குக் குறையாத ஜெல் வகை, இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும். நாள் முழுக்க மலையில் கொழுந்து பறிப்பவர்கள் தொப்பியும் துணியும் சேர்த்துக்கொண்டு, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திரும்பப் பூச வேண்டும். மாசி வெயிலில் சன்ஸ்கிரீனே போதுமான ஈரப்பசை தந்தால், கிரீமைத் தள்ளிவைத்தாலும் குற்றமில்லை.

ஒவ்வொன்றாக மாற்றுங்கள்

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால், கடித்தது எது என்று தெரியாது. முதலில் பேஸ்வாஷ், இரண்டு வாரம் கழித்துக் கிரீம். புதிதாக எது வாங்கினாலும் சின்ன டியூபாக வாங்கி, தாடையோரம் மூன்று நாள் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள். எரிச்சல், சிவப்பு, அரிப்பு நிற்காவிட்டால் வைத்தியசாலையின் தோல் கிளினிக்குக்குப் போவதுதான் சரி.

தங்கச்சி இப்போது இரண்டு பேஸ்வாஷ் வைத்திருக்கிறாள். கொழும்பு பேக்கில் ஒன்று, எங்கள் வீட்டு ஜன்னல் கட்டையில் ஒன்று. ஜன்னல் கட்டையில் இருப்பதை நானும் பாவிக்கிறேன், அவளுக்குத் தெரியாது.